குடும்பத்துக்கு ஒரு கைபேசிக் காவலர்

குடும்பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் தழைத்திருக்கும் இனம் இது: கைபேசிக் காவலர். யாரும் இவரை நியமிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று சொல்லும் முன்பே "போனைக் குடுங்க" என்று கை நீட்டுவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், எதையோ நீக்குவார், எதையோ பூட்டுவார், உச்சுக்கொட்டியபடி திருப்பித் தருவார். நம் வாயைத் திறந்து பார்க்கும் பல் வைத்தியர்கூட இவரிடம் தோற்றார்.

ஒரு தையல்காரிக்கு அப்படி ஓர் அண்ணன் வாய்த்திருந்தார். அவள் போனில் புதிதாக எந்தச் செயலியை ஏற்றவும் அவருடைய ரகசிய எண் வேண்டும். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு.

போனில் வரைந்த படத்தை அவளுடைய பழைய எம்பிராய்டரி மெஷினுக்கு அனுப்ப, அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கே ஒரு செயலி எழுதியிருந்தார். செயலிக் கடையில் அது கிடைக்காது. திங்கட்கிழமைக்குள் எண்பது பள்ளிச் சட்டைகளில் சின்னம் தைத்துக் கொடுத்தால் வருஷம் முழுக்க அந்த வேலை அவளுக்கு, தவறினால் எதிர்க்கடைக்கு.

"அண்ணா, அந்த நம்பரைப் போட்டுக் குடுங்களேன்."

"எவனோ செஞ்சதுக்கா?"

"எவனோ இல்ல, நம்ம மெக்கானிக். எதுக்கு என்ன அனுமதி கேக்குதுன்னு பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான் வந்தேன். புளூடூத் மட்டும்தான்."

"உன்ன மாதிரி அப்பாவிங்களத்தாம்மா வளைச்சுப் போடறாங்க."

அப்போது அவர் போன் அடித்தது. பேசியது ஏதோ பாதுகாப்புப் பிரிவாம். குரலில்தான் என்ன பணிவு! "சார், உங்கள மாதிரி விவரம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ஒரு காவல் செயலி அனுப்பறோம்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'இது ஆபத்தானதாக இருக்கலாம்' என்று போன் கெஞ்சியது. சரி. 'உங்கள் செய்திகளையெல்லாம் படிக்கும், பரவாயில்லையா?' சரி. 'உங்கள் பெயரில் பேசும்.' சரி, சரி. எச்சரிக்கைகள் விவரமில்லாதவர்களுக்குத்தானே?

"அண்ணா, அதை யாரு செஞ்சது?"

"குறுக்க பேசாத."

பத்தே நிமிஷம். அவர் எண்ணிலிருந்து உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி பறந்தது: 'நானே சோதித்தது. உடனே ஏற்றவும். பூட்டு கேட்டால் 4471.' எல்லார் போனையும் பூட்ட அவர் போட்டிருந்த, தன் போன் குறிப்பேட்டில் 'ரகசியம்' என்று தலைப்பிட்டு எழுதி வைத்திருந்த அதே எண்! வேறு யார் சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். காவலர் சொன்னதாயிற்றே! சித்தப்பா அப்போதே ஏற்றிவிட்டார்.

தையல்காரி செய்தியைப் படித்தாள். முதலில் ஒவ்வொருவரையும் அழைத்து, "கைய வைக்காதீங்க, அது அண்ணன் இல்ல" என்று கத்தினாள். பிறகு 4471 போட்டு, மெக்கானிக்கின் செயலியை ஏற்றினாள். மெஷின் கடகடவென்று முதல் சின்னத்தைத் தைத்தது.

அண்ணனின் போன் அவர் கையிலேயே தானாக எதையெதையோ திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"உன் போனைக் கொஞ்சம் தாயேன், பேங்குக்குச் சொல்லணும்."

தந்தாள். தந்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறு கையை நீட்டினாள். "உங்க போனை இப்படிக் குடுங்க."

சிரிக்கிறீர்களா? நல்லது. 'எல்லோரும் அவசியம் படிக்கவும்' என்று இதைக் குடும்பக் குழுவில் போட உங்கள் விரல் துடிக்கிறது. போடுங்கள். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் அம்மாவின் போனுக்குப் பூட்டு எண் யாரிடம் இருக்கிறது?