முள்ளங்கி காப்பாற்றிய வீடு

பெருமதிப்பிற்குரிய ஃபுமியே அக்காவுக்கு, தம்பி தெட்சுரோ குனிந்து வணங்கி எழுதுவது. இங்கே மியுராவில் காலையில் வாளித் தண்ணீர் மேல் பனி ஏடு கட்டுகிறது. உங்கள் முழங்கால் குளிரைச் சமாளிக்கிறதா? நான் மிக மிக நன்றாக இருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மகள் சிசுரு உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். அவள் அம்மா தவறிப்போனதிலிருந்து, "அப்பா, உங்களுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது, பேசாம எங்ககூட ஒசாகாவுக்கு வந்துடுங்க" என்று ஒரே பிடி. முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவன் பதினோராவது மாடியில் அடுத்தவர் துணி காய்வதைப் பார்த்தபடி உட்காருவதா? "நானே விதைச்சு, நானே சமைச்சு உனக்கு ஒரு வேளை சாப்பாடு போடுறேன். நல்லா இல்லேன்னா மறுநாளே மூட்டை கட்டுறேன்" என்று சவால் விட்டேன்.

கொல்லையில் வெள்ளை முள்ளங்கி போட்டேன். இலை ராஜா மாதிரி வந்தது. டிசம்பரில் பிடுங்கினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், சிலதுக்கு மூன்று. ஒன்று கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஹதனாகா அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "முழங்கால் ஆழம் கொத்திக் கல்லைப் பொறுக்கணும். நீங்க மண்ணுக்குச் சும்மா முதுகு சொறிஞ்சு விட்டிருக்கீங்க" என்றார்.

காலை எண்ணியா சாப்பிடப் போகிறோம் என்று, ஒத்திகையாக ஒரு பானை வேகவைத்தேன். அரை மணி நேரத்தில் அந்த நாற்றத்தை மோந்த ஹதனாகா அம்மாள் கேஸ் கசிகிறதென்று கேஸ் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டார். ஹெல்மெட் போட்ட ஒருவர் கருவியோடு ஓடிவந்து, அடுப்பு, குழாய், என் முகம் எல்லாவற்றையும் சோதித்து, கடைசியில் பானை மூடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டார். "ஐயா, தோலைக் கனமாச் சீவணும். உள்ளே ஒரு வளையம் தெரியும் பாருங்க, அதுவரைக்கும். முதல்ல அரிசி களைஞ்ச தண்ணியில வேகவிடணும், இல்லேன்னா இப்படித்தான் கசக்கும்." எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றேன். "கல்யாணமாகி ஆறு வருஷமா எங்க வீட்ல நான்தான் சமையல்" என்றபடி, கசிவு இல்லை என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நான்கு நாள் விடாமல் பழகினேன். குளியல் தொட்டி நிறைய முள்ளங்கி கிடந்ததால் நான் பொதுக் குளியலகத்துக்குப் போனேன். ஞாயிறன்று சிசுரு வந்தாள். கடற்பாசிச் சாற்றில் மெதுவாக வெந்து, குச்சி பட்டதும் பிளக்கும் துண்டுகள், மேலே சோயாவைப் புளிக்கவைத்த மிசோ விழுது. ஒன்று தின்றாள். இன்னொன்று தின்றாள். மூன்றாவதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா கையால..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நான் அடுப்பைத் துடைக்கப் போனேன். ஏற்கெனவே துடைத்த அடுப்புதான்.

"இங்கேயே இருங்கப்பா" என்றாள்.

ஆகவே அக்கா, உங்கள் தம்பி சொந்த வீட்டில், சொந்த அடுப்பின் முன்னால், யாருடைய தொந்தரவும் இல்லாமல் இருக்கிறான், இனியும் இருப்பான். மாமாவுக்கு என் வணக்கம். இந்தக் குளிர்காலம் உங்கள் இருவரிடமும் பதவிசாக நடந்துகொள்ளட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
தெட்சுரோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சிசுரு போன் செய்தாள். "அப்பா, எங்க வீட்டுக்காரர் எங்கிருந்து வேணா வேலை பார்க்கலாம்னு ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க. அப்படி ஒரு சாப்பாடு அங்க இருக்கும்போது நாங்க எதுக்கு இங்க கிடக்கணும்? அடுத்த மாசம் நாங்க நாலு பேரும் அங்கதான். பியானோவும்தான்." அக்கா, உங்கள் மாடியறை காலியாக இருக்கிறதா? சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன்.