தொட்டால் ஒட்டும்

இந்த அக்டோபர் போட்டியில் என் காளையோடு நானே அரங்கத்துக்குள் இறங்குவது என்று தீர்மானித்திருந்தேன். ஜப்பானின் தோகுனோஷிமாத் தீவில் பிறந்த ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆசை கிடையாது. இரண்டு காளைகள் கொம்பு கோத்து முட்டும். பக்கத்திலேயே நின்று, காலைத் தரையில் உதைத்து, தொண்டை கிழியக் கத்தி உசுப்பேற்ற ஓர் ஆள் வேண்டும். இத்தனை வருஷமாக என் காளைக்குக் கத்தியவர் பக்கத்து வீட்டு டோரா அண்ணன். எனக்குக் குரல் போதாது என்பது ஊர் அபிப்பிராயம். வீட்டில் அதை உபயோகிக்க என் மனைவி சிசுரு வாய்ப்பே கொடுத்ததில்லை என்பதை ஊர் யோசிக்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் நின்று தினமும் கத்திப் பழகினேன். கொக்குகளாவது பயந்தன.

அப்போதுதான் புயல் வந்து தொழுவத்துக் கூரையில் ஒரு தகட்டைக் கொண்டுபோனது. ஏறி வேறு தகடு அடியுங்கள் என்றாள் சிசுரு. நாளைக்கு என்றேன். எனக்கு நாளையின் மேல் எப்போதும் பெரிய மரியாதை உண்டு. மழை அப்படி மரியாதை பார்க்கவில்லை. ஒரு வாரம் ஊற்றியதில் கருமேகத்தின் முதுகெல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது. கருமேகம் என்பது என் காளை. பொருக்கைத் தொட்டால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அடியில் ரத்தச் சிவப்பு. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாட்டு டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். ஊறிய தோலில் கிருமி புகுந்துவிட்டதாம். பொருக்கை நனைத்து மெதுவாக எடுத்து, அயோடின் மருந்தால் கழுவி, காற்றோட்டமான காய்ந்த இடத்தில் கட்டினால் சரியாகிவிடுமாம். முதுகு ஆறாவிட்டால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் காய்ந்த இடம் ஒன்றுதான். பழைய வெல்லக் கொட்டகை. சிமெண்டுத் தரை, மின்விசிறி, பெரிய ஜன்னல்கள். அங்கேதான் சிசுருவும் ஊர்ப் பெண்களும் மேளம் அடித்து ஆடிப் பழகுவார்கள். அதை அவளிடம் கேட்பதற்கு, புயலிடம் கூரைத் தகட்டைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே கேட்காமல் பயமுறுத்துவது என்று முடிவு செய்தேன்.

"சிசுரு, இது மனுஷங்களுக்கும் ஒட்டுமாம். காத்தில்லாத தொழுவத்துல வெச்சா வீடு முழுக்கப் பரவிடும். கொட்டகையில கட்டிட வேண்டியதுதான்."

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

"வாசல்ல வெச்சு என்கிட்ட மட்டும் சொன்னாங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, கட்டுங்க," என்றாள்.

இவ்வளவு சுலபமாக நான் ஜெயித்ததே இல்லை. அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஜெயித்த போதை, சமையலறையில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்ததும் தலைக்கேறிவிட்டது.

"காளையைத் தொட்டவன் வேற நான். பாத்திரம் கீத்திரம் எல்லாம் இனிமே நான் தொடக்கூடாது, பாரு. உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அய்யோ, ஆமாங்க. பாத்திரம் மட்டுமா? பாய், தலையணை எதையும் தொடக்கூடாது. நீங்க தொழுவத்துல படுத்துக்கங்க. அதான் இப்ப காலியா இருக்கே."

கருமேகம் மின்விசிறிக்கு அடியில் போனது. நான் கூரை ஒழுகும் தொழுவத்துக்குப் போனேன். சாப்பாடு வாசலில் வைக்கப்பட்டது. நோயாளி மருந்து போடக்கூடாது என்று சொல்லி, காளையைக் கழுவும் வேலையையும் சிசுரு எடுத்துக்கொண்டாள். கையுறை மாட்டி, பொருக்கை நனைத்து எடுத்து, கழுவி, துடைத்து, கடற்கரையில் நடத்திக் கூட்டி வந்தாள். வேலை முழுக்க அதனோடு பேச்சுதான். நகரு, திரும்பு, தலையை ஆட்டாதே என்று அதட்டுவது தொழுவம்வரை கேட்கும். ஒவ்வொரு தடவையும் நானும் நகர்ந்து படுத்தேன்.

காளைக்குப் புதுமுடி முளைத்தது. என்னைக் கொசு பிய்த்தது. நான் சொறிந்தேன். கழுத்திலும் கையிலும் வரிசையாகப் பொருக்கு.

போட்டி நாளன்று தலையில் துணி கட்டி, புதுச் சட்டை போட்டு, கயிற்றைப் பிடித்தேன். அரங்க வாசலில் போட்டிக்குழுப் பெரியவர் காளையின் முதுகைத் தடவிப் பார்த்தார். பட்டு மாதிரி இருக்கிறது, உள்ளே போகலாம் என்றார். பிறகு அவர் பார்வை என் கழுத்துக்கு வந்தது.

"இக்குவோ, நீ நில்லு. உனக்கு ஒட்டிக்கிச்சுன்னு ஊரே சொல்லுது. எதிர்க் காளைக்காரங்க உன் பக்கத்துல நிக்கமாட்டேங்கறாங்க."

ஊர் என்றால் மேளம் அடிக்கும் பெண்கள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். ஒட்டும் என்று சொன்னது நான் கட்டிவிட்ட கதை, இது வெறும் கொசுக்கடி என்றேன்.

பெரியவர் சிசுருவைப் பார்த்தார். சிசுரு அவரிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆசையில சொல்றாருங்க. பாவம்."

அவ்வளவுதான். டோரா அண்ணன் தன் தம்பியின் காளைக்குக் கத்த ஒப்புக்கொண்டிருந்தார். வேறு யார் கயிற்றைத் தொட்டாலும் கருமேகம் அசையவில்லை. இப்போதெல்லாம் பெண்களும் இறங்குகிறார்களே என்று யாரோ சொன்னார்கள். என் தலைத்துணியை அவிழ்த்து உதறிவிட்டு சிசுரு தன் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் காளையை ஏற்றிவந்த லாரியில் உட்கார்ந்து போட்டியைக் காதால் பார்த்தேன். கொம்பு மோதும் சத்தம். கூட்டத்தின் இரைச்சல். கருமேகம் பின்வாங்குது என்று யாரோ கத்தினார்கள். திரும்பி ஓடினால் தோல்விதான். அப்போது எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் எழும்பியது.

"எங்க பாத்துக்கிட்டு நிக்கிற? வேலையைப் பாரு!"

லாரியில் இருந்த நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த நொடி அரங்கம் அதிர்ந்தது. எதிர்க் காளை ஓடிவிட்டது. வெற்றிக்கூச்சல், மேளம், ஆட்டம் எல்லாம் என்னைத் தவிர்த்து நடந்தன.

மாலை போட்ட காளையோடு அவள் லாரிக்கு வந்தாள். எனக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வந்தன. ஒட்டாது என்பது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அன்னைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். எப்பவாவதுதான் ஒட்டுமாம். கையை நல்லா கழுவினா போதும்னாங்க."

அதற்கு மேல் அதைப் பேசுவது எனக்கு நல்லதில்லை. பேச்சை மாற்றினேன்.

"அது போகட்டும். ஒரு நாள்கூடக் கத்திப் பழகாத நீ, காளையை எப்படி உசுப்பேத்தினே?"

"உங்ககிட்ட பேசற மாதிரிதாங்க பேசினேன்," என்றாள், கருமேகத்தின் கழுத்தைத் தடவியபடி. "அது ஒரே தடவையில கேட்டுக்கிச்சு."