மருதாயி விழுங்கிய வைக்கோல்

ஒரு காட்டில் அடுப்பே இல்லாத ஹோட்டல் ஒன்றைத் திறந்தார்கள். பால் கிடையாது, முட்டை கிடையாது, எதையும் வேகவைப்பதும் கிடையாது, எல்லாம் பச்சையாகத்தான். காட்டில் மற்றவர்கள் மட்டும் அடுப்பு மூட்டியா தின்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. இங்கே மெழுகுவத்தி உண்டு, துணி விரித்த மேசை உண்டு. போதாதா?

மருதாயி என்ற எருமையைச் சம்பந்தம் பேச அங்கேதான் வரச்சொல்லியிருந்தார்கள். அழைத்தவள் ஹேமலதா, கொம்பை நாகரிகமாகச் சுருட்டிவிட்டுக்கொண்ட டவுன் எருமை. அவள் மகன் கிருபாகரனுக்கும் மருதாயி மகள் சுகிர்தாவுக்கும் குளத்தில் ஊறிக்கிடந்தபோதே மனசு ஒத்துப்போயிருந்தது. பெரியவர்கள் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"அம்மா, உன் கால்ல விழறேன். அங்க வந்து அசை மட்டும் போட்டுடாத. அவங்க ரொம்ப நாசூக்கு" என்றாள் சுகிர்தா.

"நான் ஏண்டி போடப்போறேன்?" என்றாள் மருதாயி. ஆனால் அவள் முன்னெச்சரிக்கைக்காரி. போகிற இடத்தில் என்ன கிடைக்குமோ என்று, கிளம்பும் முன் பாதி வைக்கோல் போரை உள்ளே தள்ளிவிட்டுத்தான் வந்தாள்.

ஹோட்டலில் கொக்குதான் சர்வர். ஒற்றைக் காலில் நின்று வணங்கிவிட்டு, முறம் அகலத்துக்கு ஒரு தட்டை வைத்தது. நடுவில் நாலு அருகம்புல், ஓரத்தில் பீட்ரூட் சாற்றில் ஒரு பொட்டு. மருதாயி நாக்கை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். புல்லும் பொட்டும் மேசையில் வைத்திருந்த பூவும் காணாமல் போயின. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

"எப்படி இருக்கு?" என்றாள் ஹேமலதா.

"தேவாமிர்தமுங்க" என்றாள் மருதாயி.

அதற்குள் வயிற்றிலிருந்து வைக்கோல் கிளம்பிவிட்டது. தொண்டையிலேயே அமுக்கினாள். மறுபடி வந்தது. ஹேமலதா கல்யாண மண்டபத்தைப் பற்றிக் கேட்டாள். வாயைத் திறந்தால் வைக்கோல் தெரிந்துவிடும் என்று மருதாயி தலையை மட்டும் ஆட்டினாள். பாவம், மகள் வாழ்க்கையே ஆனாலும் எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? கண் தானாகச் செருகியது. தாடை இடமும் வலமுமாகப் போக ஆரம்பித்தது.

ஹேமலதா வெறித்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த சுகிர்தா மேசைக்கடியில் அம்மாவின் குளம்பை மிதித்தாள்.

கொக்கு ஓடி வந்தது. "அம்மா சாப்பிட்டு முடிச்சாச்சுங்களா? தட்டை எடுக்கலாமா?"

அப்போதுதான் சுகிர்தா சுவரைப் பார்த்தாள். 'நிதானமாக, உணர்ந்து மெல்லுங்கள்' என்று பெரிதாக எழுதிப் போட்டிருந்தது.

"இன்னும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று முந்திக்கொண்டாள். "அதோ, நீங்க எழுதியிருக்கிறபடிதான்!"

கொக்குக்குக் கண் கலங்கிவிட்டது. "இதை இதுவரைக்கும் ஒருத்தரும் மதிச்சதில்லைங்க. நாலு புல்லை இவ்வளவு நேரம் ரசிக்கிறவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. முயல்கள் கண்ணை மூடி மெதுவாக மென்றன. பக்கத்து மேசைக் குதிரைக்கு அசை போட வராது; ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் வெறும் வாயை மென்றது.

ஹேமலதா இப்படியும் அப்படியும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு அவள் தாடையும் ஆட ஆரம்பித்தது. மேசையெங்கும் கமகமவென்று ஒரு வாசம்.

மருதாயி கண்ணைத் திறந்தாள். "கடலைப் புண்ணாக்குங்களா?"

"எள்ளுப் புண்ணாக்கு. வீட்டிலேயே ஒரு தொட்டி சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்று ஹேமலதா குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாதிரி இடத்துக்கு வந்தா பாத்ரூம்ல ஒளிஞ்சு நின்னுதான் அசை போடுவேன். நீங்க நல்லா இருக்கணும், சம்பந்தி!"

சம்பந்தி என்று சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது? நிச்சயதார்த்தம் அந்த மேசையிலேயே முடிந்தது. சுகிர்தா சந்தோஷத்தில் மேசைத்துணியையே தின்றுவிட்டாள்.

மறுநாள் ஹோட்டல் முதலாளி நரி 'இரண்டாம் மெல்லல்' என்று புதிதாக ஓர் அயிட்டம் போட்டது. தட்டு மட்டும் வரும். அதில் ஒன்றும் இருக்காது. விலை எல்லாவற்றையும்விட அதிகம். குதிரை குடும்பத்தோடு வந்து அதைத்தான் கேட்கிறதாம்.

நீதி: பெரிய இடத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மானத்தை முதலில் விழுங்கிவிட வேண்டும். சமயம் பார்த்து மறுபடி வாய்க்குக் கொண்டுவந்துகொள்ளலாம்.