ஏழாம் நம்பர் சாவி

திங்கட்கிழமை காலை புதுவாயலில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, குடியிருப்பின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததுமே ஷஹனாஸுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஏழாம் நம்பர் அறைக்கு வெளியே, வெறும் சிமெண்ட் தரையில், போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அருணாச்சலம் படுத்திருந்தார். அறை பூட்டியிருந்தது. அதுவும் வெளிப்பக்கமாக.

மார்கழிப் பனியில் போர்வை ஈரமாகிக் கிடந்தது. உள்ளே புதுச் சுண்ணாம்பு அடித்த அறை காலியாக இருந்தது. மனிதனுக்குக் கிறுக்குப் பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

"ஐயா, எழுந்திருங்க. உள்ள படுக்கச் சொன்னேனா இல்லியா?"

அருணாச்சலம் எழுந்தார். இருமி முடித்தார். போர்வையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பணிவாக நின்றார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சாவி தொங்கியது.

"எனக்கு இங்கயே நல்லாத்தான் கீது மேடம். அவங்க எப்ப வராங்க?"

"அடுத்த வாரம் செவ்வாக்கிழமை வராங்க. அதுக்குள்ள நீங்க உள்ள போயாகணும்."

தேதியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க ஷஹனாஸுக்கு இன்னும் எரிந்தது. என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் இந்த மனுஷன் இப்படிச் சிரிப்பாரா?

திருவள்ளூரிலிருந்து ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். ஆள் தங்காத அறை என்று தெரிந்தால் அன்றே சாவியை வாங்கி, காத்திருக்கும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அருணாச்சலம் பழையபடி கும்மிடிப்பூண்டி ரயில்வே பிளாட்பாரத்துக்குப் போக வேண்டியதுதான். இன்னொரு மழைக்காலம் அங்கே படுத்தால் இந்த நெஞ்சு தாங்காது என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அவளிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். பூட்டிக் கிடந்த ஓர் இரும்புக் கம்பெனியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்து, அது கைமாறியபோது தெருவுக்கு வந்தவர் அவர். அந்தப் பிளாட்பாரத்திலிருந்து இந்த அறைவரை அவரை நகர்த்திக்கொண்டு வருவதற்குள் ஷஹனாஸ் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. வீடில்லாதவர்களுக்கு அறை கொடுக்கும் டிரஸ்டில் அவள் பார்க்கிற வேலைக்குப் பெயர் கேஸ் ஒர்க்கர். பழவேற்காட்டில் வாப்பாவின் ஜவுளிக்கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் அவளை யார் கேட்கப்போகிறார்கள்? விதி.

கோபத்தில் பாதி அருணாச்சலத்தின் மேல் என்றால் மீதி மேனேஜர் மணவாளனின் மேல். டிரஸ்ட் ஆபீஸின் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸப்பிலேயே ஆட்சி நடத்துகிறவர் அவர். அறைகளை ஒதுக்கியபோதே ஒரு கட்டளை அனுப்பியிருந்தார். தங்க வருகிறவர்களிடம் யாரும் வாய் தவறிக்கூட 'உங்க வீடு', 'உங்க ரூம்' என்று சொல்லிவிடக் கூடாது. நாளைக்கே உரிமை கொண்டாடிக் கோர்ட்டுக்குப் போய்விடுவார்களாம். வக்கீல் சொன்னாராம். பிளாட்பாரத்தில் படுத்துக் கிடந்தவன் வக்கீல் வைத்துக் கேஸ் போடுவானாம், அதற்கு இவர்கள் நடுங்குகிறார்களாம். ஷஹனாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆளாளுக்குச் சாவியைக் கையில் கொடுத்து, மணவாளன் எழுதித் தந்த விதிகளை மட்டும் ஒப்பித்தாள். சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. சாமான்கள் சேதமானால் நீங்கள்தான் பொறுப்பு. எந்த நேரமும் ஆட்கள் வந்து பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் பக்கத்து எட்டாம் நம்பர் ரோசம்மாள் தங்கமான பெண்மணி. சென்னையில் வெளிநாடு போன ஒரு குடும்பத்தின் பங்களாவில் வேலை செய்து, கடைசியில் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் வந்து படுத்தவள். அவளுடைய அறையைப் பார்த்தால் கண் நிறையும். தரை பளபளக்கும். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. நன்கொடையாளர்கள் யார் வந்தாலும் மணவாளன் எட்டாம் நம்பரைத்தான் காட்டுவார்.

"ரோசம்மாவைப் பாத்தாவது கத்துக்கங்க ஐயா," என்று ஷஹனாஸ் அன்றைக்கும் சொன்னாள். ரோசம்மாள் துடைப்பத்தைப் பிடித்தபடி வெட்கமாகச் சிரித்தாள்.

தரைதான் பிரச்சினை, முதுகு வலிக்கிறது போல என்று ஷஹனாஸ் நினைத்தாள். எட்டாம் நம்பரில் இருப்பதைப் போலவே ஒரு கட்டிலும் மெத்தையும் ஏழுக்கும் வாங்கித் தர ஒரு புண்ணியவானைப் பிடித்து, அவர் வீட்டுக்கு நாலு நடை நடந்து, மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். அருணாச்சலம் மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார். புத்தம் புதுசாச்சே என்றார். மறுநாள் காலை அவள் வந்தபோது, முன்பு கதவிலிருந்து தள்ளிப் படுத்திருந்தவர் இப்போது கதவை ஒட்டிக் குறுக்கே படுத்திருந்தார்.

சரி, புழுக்கமாக இருக்கும் என்று தன் கையிலிருந்து ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வைத்தாள். மார்கழியில் யாருக்கடா புழுக்கம் என்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. அதற்கு அடுத்த நாள் காலை, பழைய பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டும் தொங்கியது. அதை எங்கே பிடித்தார் என்று கேட்டதற்கு, இரும்புக் கடையில் வேலை செய்து வாங்கினேன் என்றார் பெருமையாக.

அவள் கொதித்துப்போய் மணவாளனுக்கு ஃபோன் போட்டாள். அவர் ஒரு மனநல ஆலோசகரைப் பிடித்துக் கொடுத்தார். அருணாச்சலத்தை ஒரு தடவைகூடப் பார்க்காத அந்த ஆலோசகர், சென்னையில் இருந்தபடியே ஃபோனில் தீர்ப்பு சொன்னார்: தெருவில் வாழ்ந்தவர்களுக்கு மூடிய கதவென்றால் மூச்சு முட்டும்; கதவைக் கழற்றிவிடுங்கள், தானே உள்ளே போவார்.

கழற்றினார்கள். தச்சர் சின்னராசு கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது அருணாச்சலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இன்னா மேடம் இப்டிப் பண்ட்டீங்க? தொறந்து போட்டா எப்டி?"

"உங்க நல்லதுக்குத்தான் ஐயா."

அன்றிலிருந்து அவர் படுப்பதையே நிறுத்திவிட்டார். கையில் ஒரு தடியோடு நிலைப்படிக்கு முன்னால் விடிய விடியக் குந்தியிருந்தார். இருமல் கேட்டுக் குடியிருப்பே தூங்கவில்லை. பால்காரர் பயந்துபோய் அந்தப் பக்கம் வருவதை விட்டார்.

இந்த லட்சணத்தில், சனிக்கிழமை மணவாளன் காரில் வந்து இறங்கினார். ஆய்வுக்கு முன்னால் ஏழாம் நம்பரை ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். அவர் செருப்புக் காலோடு நிலைப்படியைத் தாண்டப் போனதும் தடி குறுக்கே வந்தது.

"மேடம் சொல்லாம யாரும் உள்ள போவக் கூடாது."

"யோவ், நான் மேனேஜர்யா."

"யாரா இருந்தா எனக்கு இன்னா சார்? பேஜாரு பண்ணாம போங்க."

மணவாளன் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஃபோனில்தான் ஷஹனாஸைத் திட்டினார். அருணாச்சலம் ஆட்களைத் தாக்கும் சுபாவம் உள்ளவர் என்று எழுதப்போவதாகச் சொன்னார். எழுதுங்கள், அவரை இப்படி ஆக்கியது யார் என்றும் சேர்த்து எழுதுங்கள் என்று அவள் பதிலுக்குக் கத்தினாள். அன்று மாலையே சின்னராசுவைக் கூப்பிட்டுக் கதவை மாட்டவைத்தாள். அருணாச்சலம் கண்ணில் நீர் தளும்பக் கையெடுத்துக் கும்பிட்டார். இனியாவது உள்ளே போவார் என்று நம்பி அவள் வீட்டுக்குப் போனாள். அவரோ இரண்டு பூட்டையும் போட்டுவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தபோது அருணாச்சலம் குளித்து, சட்டையை எங்கேயோ கொடுத்து இஸ்திரி போட்டு, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு விறைப்பாக நின்றிருந்தார். ஷஹனாஸுக்குப் பிரமாதமான நிம்மதி. அப்பாடா, ஒருவழியாகப் புரிந்துகொண்டார். அதிகாரி கேட்டால் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க, அது போதும் என்று காதோடு சொன்னாள். அவர் தலையாட்டினார்.

ஜீப் வந்தது. அதிகாரி முதலில் எட்டாம் நம்பரைப் பார்த்து, இதல்லவா அறை என்று ரோசம்மாளைப் பாராட்டினார். பிறகு ஏழுக்கு வந்தார். ஷஹனாஸ் வாயைத் திறப்பதற்குள் அருணாச்சலம் அவளைத் தாண்டிப் போய் சல்யூட் அடித்தார். இரண்டு பூட்டையும் திறந்துவிட்டார். கழுத்துக் கயிற்றைக் கழற்றி, சாவியை இரண்டு கையாலும் அதிகாரியிடம் நீட்டினார்.

உள்ளே மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. ஃபேன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"இங்க யாருய்யா தங்கியிருக்கிறது?"

"யாரும் இல்ல சார். ஒரு ஈ காக்காய உள்ள உடல. நான் இங்கதான் இருக்கேன், வெளிய."

அதிகாரி ஷஹனாஸை ஒரு பார்வை பார்த்தார். அவள் என்னவோ சொல்லப் போனாள், கேட்கத்தான் ஆளில்லை. ஏழாம் நம்பரில் ஆள் இல்லை என்று உதவியாளரிடம் சொல்லி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

தூசி அடங்குவதற்குள் ஷஹனாஸ் வெடித்தாள்.

"ஏன் ஐயா இப்படி உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கினீங்க? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பொய் சொல்ல வரலியா உங்களுக்கு? உங்களுக்காக நான் எத்தனை பேரு கால்ல விழுந்திருப்பேன்? கட்டில் குடுத்தேன், ஃபேன் குடுத்தேன். எல்லாத்தையும் வெச்சுக்கினு வாசல்ல கெடந்தீங்களே, உங்களுக்குப் பிளாட்பாரம்தான் லாயக்கு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அருணாச்சலத்துக்கு வருத்தமே இல்லை. போர்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். இவ்வளவு நாள் நம்பி வைத்திருந்ததற்கு அவளுக்குக் கும்பிடு போட்டார். ஒரு குறை சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டார் பார்த்தீர்களா என்றார். அடுத்து எங்கேயாவது இருந்தால் சொல்லி அனுப்பச் சொன்னார், ஸ்டேஷனில்தான் இருப்பாராம். இருமிக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தார்.

இவருக்கு மூளை கலங்கித்தான் போய்விட்டது என்று ஷஹனாஸ் நினைத்தாள். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. கிடைத்தவள் ரோசம்மாள்தான்.

"நீங்களே சொல்லுங்க ரோசம்மா. நீங்களும் அவர மாதிரிதான வந்தீங்க? நீங்க ஒழுங்கா இருக்கல? அந்த மனுஷனுக்கு மட்டும் ஏன் புரியல?"

ரோசம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"ஏழாம் நம்பர் ஓனரு வந்து சாவிய வாங்கிக்கினு போய்ட்டாரு, எட்டாம் நம்பர் ஓனருங்க எப்ப மேடம் வருவாங்க? வந்தாங்கன்னா, ரோசம்மா ஒரு நாளும் கட்டில் மேல ஏறல, தரையிலயே படுத்துக்கினுதான் காவல் காத்தாள்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."