கழுத்தில்லாத மயில்

படித்த படிப்பை அப்படியே வேலையில் காட்டிவிடத் துடிப்பவர்களை முதல் மாதம் முழுக்க ஒரு நாற்காலியில் கட்டிப் போட்டு வைப்பது எல்லாருக்கும் நல்லது. என்னை யாரும் கட்டிப் போடவில்லை.

ஆவண மேலாண்மையில் டிப்ளமோ முடித்த கையோடு இளம்பிள்ளையில் ஒரு புடவை ஆபீஸில் சேர்ந்தேன். முதலாளி செல்வராணி அக்கா. சேலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கிய என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே, "நாங்கதான் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கறமே, அப்புறம் நீ எதுக்கு சாமி?" என்பதுதான்.

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நீங்க செய்யறது ஆவணப் பராமரிப்புங்கக்கா. நடந்ததை எழுதிப் பத்திரமா வெக்கறது. நான் செய்யறது ஆவண மேலாண்மை. எதை எத்தனை வருஷம் வெக்கணும், யார் பாக்கலாம், எப்ப அழிக்கலாம்னு முடிவு பண்றது."

"அழிக்கறதுக்குமா சம்பளம்?" என்றார். (நியாயமான சந்தேகம். எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.)

உடனே விதி போட்டேன்: மூன்று வருஷமாக யாரும் தொடாதது வெளியே. டீக்கடை பில்லுக்கும் கரண்ட் பில்லுக்கும் கலர் கலராக ஃபைல் வந்தது. பரணில் கயிற்றில் கோத்துத் தொங்கிய ஓட்டை அட்டைகளில் மூலையில் ஒரு நம்பர் தவிர எழுத்தே இல்லை. எழுத்தில்லாதது எப்படி ஆவணமாகும்? அக்கா ஆபீஸில் இல்லாத நாளாகப் பார்த்து, தூசி படிந்ததையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன்.

மறுநாள் வெண்ணந்தூரிலிருந்து ஒரு பழைய வாடிக்கைக்காரம்மா போன் பண்ணினார். பெரிய பெண்ணுக்கு நெய்த அதே மயில் புடவைதான் சின்னவள் முகூர்த்தத்துக்கும் வேண்டுமாம். அக்கா சந்தோஷமாக ஒத்துக்கொண்டு பரணைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அட்டை எங்க சாமி?"

எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்வதே அந்த ஓட்டைகள்தானாம். அட்டை இல்லையென்றால் மயில் இல்லை. அந்த ஆபீஸில் உருப்படியான ஆவணம் அது ஒன்றுதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் பத்திரப்படுத்தியிருந்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வேலை போகட்டும், ஒரு கல்யாணப் பெண்ணின் புடவையல்லவா. "அப்புறமா அழுவலாம், வண்டிய எடு," என்றார் அக்கா.

பேப்பர்காரர் பக்கத்துப் பஜ்ஜிக் கடையைக் கை காட்டினார். அங்கே கயிறு அறுத்த என் அட்டைகளின் மேல் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி.

"அருமையான அட்டைங்க," என்றார் கடைக்காரர். "எண்ணெய் வடியறதுக்கு அவங்களே ஓட்டை போட்டுக் குடுத்திருக்கறாங்க."

குப்பைத் தொட்டியில் பொறுக்கினோம். தின்றுகொண்டிருந்தவர்களிடம் கெஞ்சி வாங்கினோம். ஒரு பெரியவர் முடிக்கும் வரை அக்கா பக்கத்திலேயே நின்றார். (அவர் நிதானமாக இன்னொரு தடவை சட்னி வாங்கினார்.)

அட்டைகளைத் துடைத்து, நம்பர்படி கோத்து, அவசர அவசரமாகத் தறியில் ஒரு புடவை ஓட்டினோம். விரித்துப் பார்த்தால், காணாமல் போன அட்டைகள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்தவை. கழுத்து. தலை நேராக உடம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. புடவை முழுக்கக் கொண்டை வைத்த கோழிகள். (நாமக்கல்லில் இதற்குக் கிராக்கி இருக்கும் என்று நான் சொன்னதை அக்கா ரசிக்கவில்லை.)

மாதிரிக்குப் பெரிய பெண்ணின் புடவையை இரவல் கேட்டு, நானே வெண்ணந்தூர் போய் நின்றேன்.

"எதுக்குங்க?" என்றார் அவளுடைய அம்மா.

"கழுத்துப் பாக்கணுங்க."

அந்தம்மா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் புடவையைக் கொடுத்தார். அதைப் பார்த்து, காணாமல் போன அட்டைகளுக்குப் பதில் புதிதாக ஓட்டை அடித்து, முகூர்த்தத்துக்கு முன்பே முழுக் கழுத்தோடு மயில்களை அனுப்பி வைத்தோம்.

கோழிப் புடவையை என் கல்யாணத்துக்கு அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். மேலே என் ஃபைல் பாணியிலேயே ஒரு சீட்டு: "நிரந்தரம். அழிக்கக் கூடாது." வரவேற்பில் அதைத்தான் கட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் சர்ச்சின் பங்குச் சபையே வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனது.

இன்றைக்கும் வீட்டில் எதையாவது தூக்கிப் போட நான் எழுந்தால் போதும், என் வீட்டுக்காரர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "கழுத்து இருக்குதான்னு பாத்துட்டுப் போடு."