இருபத்தொன்று பகா எண்ணான வரலாறு

பகா எண்களைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் உலகில் ஆயிரம் பேர் இருக்கலாம். உத்தரவு போட்டு உண்டாக்கியவர் எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநர் ஒருவரே. அவருடைய செயலாளராக அதைப் பார்த்த என் கண்கள் புண்ணியம் செய்தவை.

வட்டத்தைச் சமமாகப் பங்கிடுவதில் பிறக்கும் கோவைகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர் எங்கள் கணித ஆய்வாளர் அம்மையார். அவற்றில் ஒன்று எளியது: ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கு, அதே எண்ணைக் கூட்டு, இன்னும் ஒன்றைச் சேர். இரண்டைப் போட்டால் ஏழு. மூன்றைப் போட்டால் பதின்மூன்று. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றிப் பங்கு போட முடியாத பகா எண்கள். இப்படி வரும் பகா எண்களுக்கு முடிவு உண்டா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது.

இயக்குநருக்குத் தெரிந்திருந்தது. "எந்த எண்ணைப் போட்டாலும் பகா எண்தான்" என்று பத்திரிகைகளுக்கு அறிவித்துவிட்டார்.

மறுநாள் அவசரக் கூட்டம்.

"சார், நாலைப் போட்டா இருபத்தொண்ணு வருது. மூவேழு இருபத்தொண்ணு" என்றார் அம்மையார்.

"உங்களை யாரு நாலைப் போடச் சொன்னது?"

"நான் போடலைன்னாலும் நாலு பேரு போட்டுப் பாத்துச் சிரிப்பாங்களே சார்."

துணை இயக்குநர் கனைத்தார். அவர் இயக்குநரின் மனைவிக்குத் தம்பி என்பது தற்செயல். "மாமா... மன்னிக்கணும், சார். வகுத்துப் பாக்கறதாலதானே வகுபடுது?"

மேசைகள் தட்டப்பட்டன. மாலையே சுற்றறிக்கை வந்தது: "வளாகத்தில் வகுத்தலும் பகுத்தலும் தடை செய்யப்படுகின்றன. பெருக்குவதற்கு முன் அனுமதி பெறவேண்டும்."

துடைப்பத்தோடு வந்த துப்புரவுப் பணியாளர், "பெருக்கவும் அனுமதி வேணுமாமே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். குப்பை சேர்ந்தது. ஒழுங்கு நிலைத்தது.

மிச்சமிருந்தது ஒன்றுதான். இருபத்தொன்று பகா எண் என்று அம்மையார் சான்றளிக்க வேண்டும். இல்லையேல் வேலை போகும்.

"ஒரு எண்ணுக்காகவா வேலையை விடப்போறீங்க? போட்டுடுங்கம்மா" என்றேன், அக்கறையோடு.

அம்மையார் பேனாவைத் திறந்தார்.

"இன்னிக்கு இருபத்தொண்ணு. நாளைக்கு ஏழைப் போட்டா அம்பத்தேழு வரும், அதுக்கும் கேப்பீங்க. அப்புறம் என் மாணவருங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

சான்றிதழை ஒதுக்கிவிட்டு, வெள்ளைத்தாளில் ராஜினாமாவை எழுதி நீட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

இப்போது எங்களிடம் நூறுகூடப் பகா எண்தான். இயக்குநர் பகுத்தறிவுக்கே எதிரி என்று வெளியே பேசுகிறார்கள். அபாண்டம்! அவர் தடை செய்தது பகுத்தலை மட்டும். அறிவு தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.