அவனுடைய ஒற்றைக் கோடு

அவளுடைய நொதி மறுபடியும் கண்ட இடத்தில் எல்லாம் குறி ஒட்டியிருந்தது. சோதனை முடிவைக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லில், ஒரு கோடு விழ வேண்டிய இடத்தில் ஏணிப்படி மாதிரி வரிசையாகக் கோடுகள்.

பக்கத்து மேசைச் சுருட்டைமுடிக்காரன் தன் ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்திருந்தான். ஒரே கோடு. அவளுக்கு வயிறு எரிந்தது.

"அக்கா, உங்களுக்கு எப்படி வந்திருக்கு?"

"வந்திருக்கு."

விஷயம் இதுதான். பாக்டீரியாவில் இந்த நொதிக்கு ஒரே வேலை: ஆர்.என்.ஏ. சங்கிலியில் குறிப்பிட்ட ஓர் எழுத்தைப் பிடித்து, அதன்மேல் ஒரு சின்ன வேதிக் குறியை ஒட்டுவது. பிடிப்பதற்கு நொதியின் நடுவில் ஒரு குழி உண்டு. குழிச் சுவரின் அமினோ அமிலங்கள்தான் வாசற்காவலர்கள். பருத்த காவலரை எடுத்துவிட்டு ஒல்லியானவரை நிறுத்தினால் வேறோர் எழுத்து உள்ளே வரும். அது மட்டும் வந்தால் வெற்றி. வாசல் மயிரிழை கூடுதலாக அகன்றால் ஊரே நுழைந்துவிடும்.

இருவரும் ஆளுக்கொரு காவலரை மாற்றியிருந்தார்கள். அந்த நொதியைச் செய்யும் பாக்டீரியாக்களைப் போன மாதம் ஒரே மேசையில் உட்கார்ந்து திருகுமூடிக் குழாய்களில் நிரப்பி உறைய வைத்தார்கள். குழாய் ஈரமாக இருந்ததால், கழற்றி வைத்திருந்த மூடிகளின்மேல் பெயர் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஆய்வகத்தில் ஒரு நொதிக்குத்தான் இடம். அதைச் செய்தவருக்குத்தான் வேலை.

அவள் குழியை இறுக்கினாள். எந்த எழுத்தும் நுழையவில்லை. கொஞ்சம் தளர்த்தினாள். நொதி ஒழுங்காக மடியத் தெரியாமல், திரிந்த பால் மாதிரி அடியில் தங்கியது.

"அக்கா, உதவி வேணும்னா சொல்லுங்க," என்றான் சுருட்டைமுடி, இன்னொரு ஒற்றைக் கோட்டோடு.

அந்த 'உதவி'தான் அவளைப் பேராசிரியர் அறைக்குத் தள்ளியது.

"சார், அவன் நொதி சரியாத் தேர்ந்தெடுக்குதுன்னு நம்பாதீங்க. அது வெறும் சோம்பேறி. வேலை கம்மியாப் பண்றதால தப்பும் கம்மி."

"ஜெல் நல்லாத்தானேம்மா இருக்கு?"

"ஜெல்லுக்கு என்ன சார் தெரியும்? இப்படி ஒரு நொதியைச் செய்றதே மடத்தனம். குழியைப் பத்தி அரிச்சுவடி தெரிஞ்சவங்க யாரும் இதைச் செய்யமாட்டாங்க."

அரைமணி நேரம் படம் வரைந்து விளக்கினாள். அவ்வளவு தெளிவாக அவள் தன் வேலையைப் பற்றிக்கூடப் பேசியதில்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, என்னையே நம்ப வெச்சுட்டே. அந்த ஒற்றைக் கோடு வந்த மாற்றத்தைக் குப்பையில போட்டுடலாம். செஞ்சவர் வேற ஆய்வகம் பாத்துக்கட்டும். எதுக்கும் அவன் குழாயில இருக்கிற மரபணுவை ஒரு தடவை படிச்சுப் பாக்கச் சொல்றேன்."

மறுநாள் கூட்டத்தில் அவளே முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சுருட்டைமுடி நகம் கடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மரபணு படிக்கும் அறைப் பெண் அவன் குழாயோடு உள்ளே வந்தாள். பேராசிரியரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கடைசியில் இவளிடம் திரும்பினாள்.

"உள்ள இருக்கிறது போன மாசம் நீங்க செஞ்ச மாற்றம்தான் அக்கா. மூடி மட்டும்தான் அவரோடது."